அல்லி ஏட்டு கால் மடக்கிய இடம்

ஊற்றுத் தெரு களவு போனதிலிருந்து சன்னாசிக்கு வத்தல் குடோனில்தான் படுக்கை.

களவு போன அன்று அவன் வேலையில் இருந்தான். மிளகாய் வத்தல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு லாரிக்கும் குடோனுக்குமாக நடந்துகொண்டிருந்தான். மாலையில் வீட்டுக்குத் திரும்பினான். மேலத் தெரு இருந்தது. பேருந்து நிலையமும் இருந்தது. நடுவில் இருந்த ஊற்றுத் தெருவைக் காணோம். அது இருந்த இடமும் இல்லை. மேலத் தெருவின் கடைசி வீடும் பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பறையும் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன, பிறந்ததிலிருந்து அப்படித்தான் என்பதுபோல.

தெருவுக்குள் அவன் வீடு இருந்தது. வீட்டுக்குள் அவன் மனைவி முத்துப்பேச்சி இருந்தாள்.

காவல் நிலையத்தில் முறையாக விசாரித்தார்கள். தெருவைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று கேட்டார்கள். காலையில் என்றான். என்ன உடுத்தியிருந்தது என்று கேட்டார்கள்.

"கோலம்" என்றான் சன்னாசி.

தெருவின் பொருள் ஏதாவது வெளியே இருக்கிறதா என்றார்கள். முத்துப்பேச்சி சோறு கட்டிக் கொடுத்த தூக்குச்சட்டி அவன் கையில் இருந்தது. அதை வாங்கி, ஒரு மோப்ப நாயை வரவழைத்து, மோந்து பார்க்கக் கொடுத்தார்கள். நாய் மோந்தது. தேடச் சொன்னார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு காவல் நிலையத்தில் அவனைப் பார்த்தால் டீ சொல்வார்கள். வேறொன்றும் சொல்லமாட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் போலீஸ் நாய்கள் சௌக்கியமாக இருக்கின்றனவா என்று போய்ப் பார்க்க ஊரிலிருந்து ஆள் எடுத்தார்கள். சம்பளம் கிடையாது. போலீஸில் சொந்தக்காரர்கள் இருக்கக் கூடாது. வீட்டில் நாய் இருக்கக் கூடாது. சன்னாசிக்கு வீடே இல்லை. அது கூடுதல் தகுதி என்றார்கள்.

"உமக்கு நாய் பிடிக்குமா?" என்று கேட்டார் ஆள் எடுத்தவர்.

"பிடிக்கும்னும் இல்ல. பிடிக்காதுன்னும் இல்ல."

"இந்த மாதிரி ஆளைத்தான் தேடிட்டு இருந்தோம்."

அவனோடு சலேத்மேரியையும் எடுத்தார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். இருவரும் ஒன்றாகப் போக வேண்டும், ஆனால் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒருவர் சொல்வது இன்னொருவர் மனதைக் கலைத்துவிடக் கூடாதாம். அதனால் ஒருவரையொருவர் பார்ப்பதோ பேசுவதோ கூடாது. சலேத்மேரி பேசாமல் இருக்கும் பிறவியல்ல. அவள் சுவரிடம் பேசினாள்.

நாய்ப் பிரிவின் வாசலில் பெயர் கேட்கவில்லை. இரண்டு நாய்கள் வந்து மோந்து பார்த்தன. முன்பின் தெரிந்த வாசனையாக இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். தெரிந்தவன் நியாயமாக நடக்கமாட்டான் என்பது அவர்கள் எண்ணம். சலேத்மேரியை மோந்த நாய் யோசித்துவிட்டு நகர்ந்தது. சன்னாசியை மோந்த நாய் தும்மியது. அடுத்ததும் தும்மியது. அவன் மேல் மிளகாய் நெடி தவிர வேறு எதுவும் பிடிபடவில்லை. இவனை யாருக்கும் தெரியாது என்று முடிவு கட்டிக் கதவைத் திறந்தார்கள்.

முதல் அறையில் பாண்டி என்ற நாய் இருந்தது. அது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தது. விசிறி ஓடவில்லை. இருவரும் தனித்தனியாக விசிறியைப் பார்த்தார்கள். அது ஓடத் தொடங்கியது. பாண்டி வாலை ஒருமுறை ஆட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தது.

இரண்டாவது அறை நாய் சாட்சி சொல்ல நீதிமன்றம் போயிருந்தது. அதனால் அதன் தட்டைப் பார்த்தார்கள். தட்டு சௌக்கியமாக இருந்தது. சலேத்மேரி அதில் மிச்சமிருந்த சோற்றை ஒரு விரலால் எடுத்து நாக்கில் வைத்தாள். உப்பு இல்லை. நாய்க்கு உப்பு ஆகாதும்மா என்று அங்கே நின்ற காவலர் விளக்கினார்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல" என்றாள் அவள் சுவரிடம். "இந்தக் கட்டடத்துல யாருமே உப்புப் போட்டுத் தின்ன மாதிரி தெரியல, அதைத்தான் சொல்றேன்."

காவலர் சுவரைப் பார்த்தார். சுவர் சும்மா இருந்தது.

மூன்றாவது அறைக்கு வராந்தாவைத் தாண்டிப் போக வேண்டும். வராந்தா நீளம். முன்னால் அது குட்டையாகத்தான் இருந்ததாம். கொஞ்ச காலமாக வளர்கிறதாம். வராந்தாவின் கோடியில் சப்-இன்ஸ்பெக்டர் வன்னியபெருமாளின் மேசை கிடந்தது. இவர்கள் நெருங்க நெருங்க மேசை தள்ளிப் போனது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேசையோடு சேர்ந்து தள்ளிப் போனார். அதற்காக வருத்தம் தெரிவித்தார். அவரிடம் கை கொடுக்கிற தூரத்துக்கு எவரும் வந்து நாளாயிற்றாம். தேநீர் வரும்போதே ஆறிவிடுகிறதாம்.

பாதி வழியில் வலது பக்கம் மூன்றாவது அறை. அங்கேதான் அல்லி இருந்தாள்.

அல்லி சிப்பிப்பாறை நாய். ஒல்லி உடம்பு, நீண்ட மூக்கு. பதவியில் ஏட்டு. அறையின் நடுவில் நான்கு கால்களையும் ஊன்றி நின்றாள். பின்னால் கான்ஸ்டபிள் இருளப்பன் நின்றார். அவருடைய வலது கை மணிக்கட்டு வரைக்கும் கையாக இருந்தது. அதற்குமேல் தோல்வாராகி, நீண்டு போய், அல்லியின் கழுத்தில் முடிந்தது. பிடித்த வாரை விடாமலே பிடித்திருந்ததில் அப்படி ஆகிவிட்டதாம். விரல் இல்லாததால் இடது கையால் சாப்பிட வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான் கூச்சமாக இருக்கிறது என்றார். அதனால் வீட்டு விசேஷங்களுக்குப் போவதில்லை.

ஓரமாக ஒரு முக்காலி. அதன்மேல் ஒரு தூக்குச்சட்டி.

சன்னாசி தூக்குச்சட்டியைப் பார்த்தான். அதன் மூடியில் ஒரு சொட்டை இருந்தது. லாரிப் பலகையில் இடித்த சொட்டை.

சலேத்மேரி மூடியைத் திறந்து மோந்தாள்.

"புளிக்குழம்பு" என்றாள் சுவரிடம். "வெந்தயம் தூக்கலாப் போட்டிருக்கா. கைப்பக்குவம் இருக்கிற பொம்பளை."

சன்னாசியின் நாக்கில் வெந்தயம் கசந்தது.

நாய் ஏன் நிற்கிறது என்று சலேத்மேரி கேட்டாள். அந்தக் கேள்வியைச் சுவரிடம் கேட்காமல் இருளப்பனிடமே கேட்டாள்.

"ஏட்டம்மா டூட்டில இருக்காங்க" என்றார் இருளப்பன். அவரைவிட அல்லிக்குப் பதவி பெரிது. அதனால் மரியாதை. "தேடச் சொன்னது அன்னைக்கு. போதும்னு இன்னும் யாரும் சொல்லல."

மீதியை வன்னியபெருமாள் வராந்தாவிலிருந்து உரக்கச் சொன்னார். வழக்கு நடக்கும்வரை நாய் கால் மடக்கக் கூடாது. படுக்கவோ உட்காரவோ கூடாது. கால் மடக்கினால் தேடல் முடிந்துபோனதாக அர்த்தம். தேடிய பொருளின் மேல் மடக்கினால் பொருள் கிடைத்துவிட்டது. வேறு இடத்தில் மடக்கினால் பொருள் இனி எந்தக் காலத்திலும் இல்லை, ஊர் வரைபடத்திலிருந்து அழித்துவிடுவார்கள். தினமும் வெளியே கூட்டிப்போய்த் தேடவிடுகிறார்கள். வாசலைத் தாண்டியதும் அவள் தலையை உள்பக்கமாகத் திருப்புகிறாளாம். களவு நடந்தது வெளியே என்பதால் திரும்பவும் வெளிப்பக்கம் திருப்பிவிடுகிறார்களாம்.

"ஆக நீங்க பார்த்துச் சொல்றதுதான்" என்றார் வன்னியபெருமாள். "முடியலைன்னு சொன்னீங்கன்னா இப்பவே படுக்க வச்சிருவோம். சௌக்கியம்னு சொன்னீங்கன்னா நிக்கட்டும். யோவ்... ஐயா, என்ன சொல்றீங்க?"

யோவ் பழக்கத்தில் வந்தது. ஐயா விதிப்படி வந்தது.

சன்னாசி அல்லியின் கால்களைப் பார்த்தான். முன்னங்கால் முட்டிகள் வீங்கியிருந்தன. பின்னங்கால்கள் தரையில் ஊன்றிய இடத்தில் சிமெண்டு குழிந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. திறந்த கண்ணுக்குள்ளேயே தூங்கப் பார்த்து முடியாமல் போன கண்கள். சுமை வேலையில் அப்படிப்பட்ட கண்களை அவன் பார்த்திருக்கிறான். முகம் கழுவும்போது கண்ணாடியிலும் பார்த்திருக்கிறான்.

முடியவில்லை என்று சொன்னால் நாய் தூங்கும். முத்துப்பேச்சி தெருவோடு அழிந்துபோவாள். சௌக்கியம் என்று சொன்னால் தெரு எங்காவது இருந்துகொண்டிருக்கும். நாய் நின்றபடியே செத்துப்போகும்.

"இது நாயா, ஆணி அடிச்சு மாட்டி வச்ச படமா?" என்றாள் சலேத்மேரி சுவரிடம்.

அப்போது அல்லியின் வலது பின்னங்கால் நடுங்கியது.

சந்தையில் சுமைக்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஒருவனுக்குக் கால் நடுங்கினால் பக்கத்தில் இருப்பவன் கேட்காமல் சுமையைத் தன் தலைக்கு மாற்றிக்கொள்வான். மாற்றிய பிறகு அது அவன் சுமை. எங்கே இறக்குவது என்று உரியவர் வாய் திறந்து சொல்கிறவரை அதை இறக்கக் கூடாது. சொல்லாத இடத்தில் இறக்கினால் சரக்கு கெட்டுப்போனதாகவே எடுத்துக்கொள்வார்கள், உள்ளே இருப்பது இரும்பாக இருந்தாலும்.

சன்னாசி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டான். அரசாங்க நாய் அது. தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்தான். குனிந்தான். அல்லியின் வயிற்றுக்கடியில் கை கொடுத்தான். தூக்கித் தலைக்கும் பிடரிக்குமாக வைத்துக்கொண்டு எழுந்தான்.

இருளப்பனின் தோல்வார்க் கை மேலே போனது. கூடவே அவர் குதிகாலும் கொஞ்சம் மேலே போனது.

வராந்தாவிலிருந்து வன்னியபெருமாள் கேட்டார். "நிக்குதா, படுத்திருக்கா?"

இருளப்பன் அண்ணாந்து பார்த்தார். "ரெண்டும் இல்லய்யா. கால் தொங்குது."

வன்னியபெருமாள் மேலதிகாரிக்குத் தொலைபேசியில் பேசினார். மேலதிகாரி அவருடைய மேலதிகாரியிடம் கேட்டார். கால் மடங்கவில்லை, ஆகவே வழக்கு முடியவில்லை, கால் ஊன்றவுமில்லை, ஆகவே அது ஓய்வுதான் என்று பதில் வந்தது. இதற்கு முன்னால் இப்படி ஒருவரும் தூக்கியதில்லை, அதனால் தடையும் இல்லை என்றார்கள்.

"அப்ப எங்க இறக்க?" என்று கேட்டான் சன்னாசி.

அதற்குப் பதில் வரவில்லை. வன்னியபெருமாள் மறுபடி மேலே கேட்டார். மேலே இருந்தவர்கள் கீழே கேட்கச் சொன்னார்கள். கீழே இருந்தது சன்னாசிதான்.

அதற்குள் அவன் தலைமேல் கனம் ஏறத் தொடங்கியிருந்தது. முதலில் நாயின் கனம். அது ஒன்றுமில்லை, அரை மூட்டை. பிறகு ஒரு கதவின் கனம். பிறகு ஓர் ஆட்டுக்கல். பிறகு வீடு வீடாக வந்தது. ஓட்டு வீடு, காரை வீடு, மாடியில் தகரம் போட்ட வீடு. தெருக்குழாய் வந்தது. டிரான்ஸ்பார்மர் வந்து உட்கார்ந்தபோது பிடரி நரம்பு சுண்டியது. இத்தனை நாளும் இவ்வளவையும் மூக்கில் வைத்துக்கொண்டுதான் நின்றாள் போல என்று நினைத்துக்கொண்டான். கால்களை அகட்டி வைத்தான். கனம் பழகியது.

அல்லி அவன் தலைமேல் மூக்கைத் திருப்பினாள். அவன் கழுத்தும் திரும்பியது. வாசல் பக்கம் அல்ல. வராந்தாவின் உள்பக்கம்.

"வெளியேதான் தேடணும்" என்று கத்தினார் வன்னியபெருமாள்.

"தேடலய்யா. சுமை இறக்கப் போறேன்" என்றான் சன்னாசி.

அதற்கும் தடை இருக்கவில்லை.

சுமை தலையில் இருக்கும்போது நிமிர்ந்து பார்க்க முடியாது. முன்னால் ஒரு ஆள் வழிவிலக்கிப் போக வேண்டும். சலேத்மேரி முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். முன்னால் போனால் அவனைப் பார்க்க வேண்டியதில்லை, விதியும் மீறப்படாது.

"ஓரம், ஓரம்" என்றாள் சுவர்களிடம். "சுமை வருது, ஓரம் போங்க."

சுவர்கள் ஓரம் போயின. வராந்தா அகன்றது.

சன்னாசி நடந்தான். பின்னால் தோல்வார் கையோடு இருளப்பன் நடந்தார். வராந்தா நீண்டது. சன்னாசி நடையை மாற்றவில்லை. குடோனிலிருந்து லாரிக்கு நடக்கிற அதே நடை. வன்னியபெருமாளின் மேசை பின்வாங்கியது. இவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். மேசை இன்னும் பின்வாங்கியது. பிறகு மேசைக்கு மூச்சு வாங்கியது. அது நின்றுவிட்டது. சலேத்மேரி அதைச் சுற்றிக்கொண்டு போனாள். அந்த மேசையைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். வன்னியபெருமாள் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். அவரும் கூட நடந்தார். நடக்கும்போது அவர் முகம் தெளிந்தது.

சிமெண்டுத் தரை முடிந்தது. மண் வந்தது. கூரை இருந்த இடத்தில் வெயில் வந்தது. வலது பக்கத்து அறைக்கதவில் யாரோ மாட்டுச் சாணம் தட்டியிருந்தார்கள். அடுத்த கதவில் மாவிலை. அதற்கடுத்தது அறைக்கதவே இல்லை, பலசரக்குக் கடை. ஒருவர் முகத்தில் பாதிக்கு நுரை பூசிக்கொண்டு சவரம் செய்துகொண்டிருந்தார். குழாயடியில் குடங்கள் வரிசையில் இருந்தன, பெண்கள் குடங்களுக்குப் பின்னால் நின்றார்கள்.

"தண்ணி இன்னும் வரலண்ணே" என்றாள் அவர்களில் ஒருத்தி. "அதைத் தவிர இங்க ஒரு குறையும் இல்ல."

அவர்களுக்கு வேறெதுவும் தெரிந்திருக்கவில்லை. இன்றைக்குப் பொழுது சாயத் தாமதமாகிறது என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

கோலத்தைப் பார்த்ததும் சன்னாசி நின்றான். சிக்குக் கோலம். ஒரு புள்ளி விட்டுப்போய்ப் பிறகு சேர்த்தது. வாசலில் முத்துப்பேச்சி கரண்டியோடு நின்றாள்.

அவள் சன்னாசியைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். போலீஸைப் பார்த்தாள்.

"வேலைக்குப் போன மனுசன் வர்ற லட்சணத்தைப் பாருங்க" என்றாள் குழாயடியைப் பார்த்து.

"பேச்சி" என்றான் சன்னாசி. நெஞ்சுக்குள் நிறைய இருந்தது. தலைமேல் தெருவே இருந்தது. அதனால் கேட்க வேண்டியதை மட்டும் கேட்டான். "எங்க இறக்க?"

எல்லோரும் முத்துப்பேச்சியைப் பார்த்தார்கள். வன்னியபெருமாள் தொப்பியைக் கழற்றினார்.

"அங்க வெயில் அடிக்குது" என்றாள் முத்துப்பேச்சி. "வேம்பு நிழல்ல இறக்குங்க. கொஞ்சம் பொறுங்க, சாக்கு விரிக்கேன்."

அவள் சாக்கை உதறி விரித்தாள். சன்னாசி முழங்காலை ஊன்றிக் குனிந்தான். சலேத்மேரி திரும்பினாள். விதியை அப்போதுதான் மீறினாள், வெளிப்படையாகவே மீறினாள். அவன் முகத்தை நேராகப் பார்த்து, ஒரு பக்கம் கை கொடுத்தாள். இருவரும் அல்லியைச் சாக்கின் மேல் இறக்கினார்கள்.

அல்லி நின்றாள். மண்ணை மோந்தாள். முத்துப்பேச்சியின் கரண்டியை மோந்தாள். சாக்கின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினாள், இடம் சரியில்லை என்று மறுபடியும் சுற்றினாள். பிறகு முன்னங்கால்களை மடக்கினாள். பின்னங்கால்களை மடக்கினாள். தாடையைத் தரையில் வைத்தாள்.

பெரிய லாரி ஒன்று கடைசி மூட்டையும் இறங்கியபின் ஸ்பிரிங் நிமிர்ந்து மேலே எழும்பும் அல்லவா, அதுபோலத் தெரு முழுவதும் ஒரு தரம் எழும்பித் தன் இடத்தில் உட்கார்ந்தது. மேலத் தெருவின் கடைசி வீடு ஒரு பக்கமாக நகர்ந்தது. கட்டணக் கழிப்பறை இன்னொரு பக்கமாக நகர்ந்தது. பேருந்து நிலையத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். குழாயில் தண்ணீர் வந்தது.

இருளப்பனின் தோல்வார் கழுத்துப்பட்டையிலிருந்து தானாகக் கழன்றது. சுருண்டு சுருண்டு மணிக்கட்டுக்கு வந்தது. முதலில் கட்டைவிரல் முளைத்தது. மற்ற விரல்கள் அதைப் பார்த்து முளைத்தன. முத்துப்பேச்சி அவருக்கு இலை போட்டாள். அவர் வலது கையால் பிசைந்து சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அழுதார். உப்பு சரியாக இருக்கிறதா என்று சலேத்மேரி கேட்டாள். சரியாக இருக்கிறது என்று தலையாட்டினார்.

முத்துப்பேச்சி சன்னாசியிடம் கை நீட்டினாள். "தூக்குச்சட்டி எங்க?"

அவன் நிமிர்ந்த கழுத்தோடு நின்றான். தூக்குச்சட்டி முக்காலியில் இருந்தது.

"சோறு கட்டிக் குடுத்தா பாத்திரம் திரும்பி வரணுமா இல்லையா?"

"போலீஸ்ல இருக்கு" என்றான்.

"கழுவினீங்களா?"

வன்னியபெருமாள் ஓடினார். வராந்தா இப்போது குட்டையாக இருந்தது, உடனே திரும்பி வந்துவிட்டார். தூக்குச்சட்டியை ஊற்றுத் தெருக் குழாயடியில் உட்கார்ந்து தன் கையாலேயே புளி போட்டுத் தேய்த்தார். குடத்துக்காரிகள் அவருக்கு முன்னால் இடம் விட்டார்கள். சொட்டையைத் தவிர எல்லாம் பளபளத்தது.

சாயங்காலம் மாவட்ட அதிகாரி பதக்கத்தோடு வந்தார். போலீஸ் பேண்டும் வந்தது. நீதிமன்றம் போயிருந்த நாயும் சாட்சியை முடித்துவிட்டு வந்தது. பாண்டியும் வந்தது. அல்லி தூங்கிக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்க அவளைச் சுற்றி நுனிக்காலில் நின்றது. அதிகாரி பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு நின்று, காலை மெத்தென்று அடித்துச் சல்யூட் வைத்தார். பதக்கத்தைக் குத்தினால் எழுந்துவிடுவாள் என்று சாக்கின் ஓரத்தில் வைத்தார். பேண்டுக்காரர்கள் ஊதாமலே வாசித்தார்கள். முரசுக் குச்சி தோலைத் தொடாமல் நின்று நின்று இறங்கியது. அப்படி ஒரு வாசிப்பை ஊர் கேட்டதில்லை. கடைசிவரை ஒருவரும் நகரவில்லை.

அதிகாரி நாய்களைப் பார்க்க எடுத்த இருவர் பக்கமும் திரும்பினார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. விதிப்படி தனித்தனியாகப் பதில் வர வேண்டும். சன்னாசி ஒரு பக்கம் திரும்பி நின்றான். சலேத்மேரி அவன் வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள்.

"நாய் எப்படி இருக்கு?" என்று அதிகாரி மெல்லக் கேட்டார்.

"தூங்குது" என்றார்கள் இருவரும்.

"மெதுவாப் பேசுங்க" என்றது சுவர்.